ஆபீசருக்குச் சொன்ன பேச்சு

செக்கடித் தெரு பால்வண்ணன் வாங்கிவந்த நாய்க்குட்டி, வந்த மூன்றாம் நாள் காலையில், அவர் 'சிட்' என்று சொன்னபோது உட்காரவில்லை. உள்ளே அடுப்படியில் தோசைக்கரண்டியும் கையுமாக நின்றிருந்த அவர் மனைவி ஆவுடை உட்கார்ந்தாள். மணை போட்டு உட்காரவில்லை, இடம் பார்த்து உட்காரவில்லை, கல்லில் தோசை முறுகிக்கொண்டிருக்கும்போதே நின்ற இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தான் உட்கார்ந்திருப்பது அவளுக்கே தெரிந்தது. கருகிய வாடை வாசல்வரை போனது. "ஏட்டி, அங்க என்ன தீயுது?" என்று பால்வண்ணன் சத்தம் போட்டார். எழுந்து அடுப்பை அணைக்க ஆவுடை எவ்வளவோ முயன்றாள், இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. நாய்க்குட்டி வாசலில் அவருடைய கைலி நுனியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

பால்வண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவர் புறவழிச்சாலையில் லாரிகளை எடைபோடுகிற மேடையில் வேலை பார்க்கிறார். சுண்ணாம்புக்கல் லாரியும் பருத்தி லாரியும் மேடையில் ஏறும்போது கையை ஆட்டி 'வா, வா, ஸ்டாப்' என்று கத்துவது அவர் வேலை. அந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரு டிரைவராவது அவர் ஸ்டாப் சொன்ன இடத்தில் நிறுத்தியதில்லை, அரைச் சக்கரம் தள்ளித்தான் நிறுத்துவார்கள், நிறுத்திவிட்டு அவரை ஒரு கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு பீடி பற்றவைப்பார்கள். முதலாளியின் மகன், மீசை சரியாக முளைக்காத பயல், அவரை 'யோவ்' என்றுதான் கூப்பிடுவான். வீட்டில் அப்படி இல்லை, கல்யாணமான நாளிலிருந்து ஆவுடை அவர் பேச்சை ஒருமுறைகூடத் தட்டியதில்லை. ஆனால் அதை அவர் ஒரு பெருமையாகவே நினைத்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதற்காகக் குழாயை யாராவது மெச்சிக்கொள்வார்களா? சொன்னதும் கேட்கிற உயிர் ஒன்று வேண்டும், அது கேட்பதை நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதற்காகத்தான் வெள்ளை நிறத்தில், தொங்கு காதும் பெருத்த பாதமுமாக ஒரு குட்டியை வாங்கி, துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அதற்கு ஆபீசர் என்று பேர் வைத்தார். ஒரு ஆபீசரை அதட்டிப் பார்க்க வேண்டும் என்று மனுஷருக்கு எத்தனை நாள் ஏக்கமோ.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெற்ற பிள்ளையைத் தமிழில் கொஞ்சுவோம், மாட்டைத் தமிழில் வைவோம், கோழியைத் தமிழில் விரட்டுவோம், சாமியோடுகூடத் தமிழில்தான் சண்டை போடுவோம். நாய்க்கு மட்டும் இங்கிலீஷ். எங்கே பிறந்த நாயாக இருந்தாலும், ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் வீட்டு நாயாக இருந்தாலும், அதற்குத் தமிழ் தெரியாது என்று நாமாக முடிவு செய்துகொள்வோம். குட்டியை விற்றவன் ஒரு தாளும் கொடுத்திருந்தான். சிட், ஸ்டே, கம், டவுன் என்று நாலு கட்டளைகள் தமிழ் எழுத்தில் அச்சடித்திருந்தது. நாய் சொன்னதைச் செய்ததும் 'ஓகே' சொல்லி விடுவிக்க வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு. பால்வண்ணன் தினமும் காலை ஆறு மணிக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடதுகையில் தாளும் வலதுகையில் ரப்பர் செருப்பும் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று பாடம் நடத்தினார். ஆபீசர் கொட்டாவி விட்டது. செருப்பை ஓங்கினால் சைக்கிளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. கடைசியில் அவர் தொண்டை கட்டி, "ஓகே, ஓகே, நாளைக்குப் பாத்துக்கிடுவோம்" என்றதும், அடுப்படியில் ஆவுடையின் கால்களுக்கு உயிர் வந்தது.

அவள் முதலில் சத்துக்குறைவு என்றுதான் நினைத்தாள். மறுநாள் 'ஸ்டே' என்றார். தண்ணீர்க் குடத்தோடு முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தவள் ஒரு காலை முன்வைத்தபடி முக்கால் மணிநேரம் நின்றாள். அதற்கு மறுநாள் 'டவுன்' என்றார். அரிசி களைந்துகொண்டிருந்தவள் ஈரத்தரையில் குப்புறப் படுத்தாள். அவளுடைய மகள் பூரணிதான், ஆய்வகப் படிப்பு முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, பக்கத்தில் வந்து குத்தவைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா நாய்க்குச் சொல்லுதது ஒன் மேல விழுதும்மா."

"என்னட்டி ஒளறுத?"

"சொன்ன சொல்லு எங்கயாவது விழணும்லா? நாய் எடுத்துக்கிட மாட்டேங்கு. நீதான் சின்னதுலேருந்து கேட்டுப் பழகுன ஆளு. ஒன்னையத் தேடி வருது."

ஆவுடை கன்னம் தரையில் ஒட்டிக்கிடக்க யோசித்துப் பார்த்தாள். பிள்ளை சொல்வது சரியாகத்தான் பட்டது. நாய்க்குச் சொன்னது தன் மேல் விழுவதில் அவளுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை. மாமியார் நாத்தனாருக்குச் சொன்னது, நாத்தனார் வேலைக்காரிக்குச் சொன்னது என்று எத்தனையோ அவள் மேல் விழுந்திருக்கிறது. அடுப்பில் பால் இருக்கிறதே என்ற கவலைதான் அப்போது பெரிதாக இருந்தது.

பால்வண்ணனுக்கும் இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவர் பாடத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். குரல் உயர்ந்ததும் அது பக்கத்து வீட்டில் வடகம் பிழிந்துகொண்டிருந்தவள் மேலும், எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் மேலும், வாரக்கடைசிக்குள் தெருக்கோடியில் பீடி சுற்றுகிற மூக்கம்மா மேலும் விழ ஆரம்பித்தது. ஆண்கள் யார் மேலும் விழவில்லை. முதல் நாள் கூட்டமாக வந்து சண்டை பிடிப்பார்கள் என்று ஆவுடை பயந்துகொண்டிருந்தாள். வந்தார்கள், ஆனால் சண்டைக்கு வரவில்லை. "அண்ணாச்சி, எத்தன மணிக்குப் பாடம்னு நேரத்த ஒழுங்கா வச்சிக்கிடுங்க, நாங்களும் அதுக்குத் தக்கன பாத்துக்கிடுவோம்" என்றுதான் கேட்டார்கள்.

அப்படியே தெரு பார்த்துக்கொண்டது. காலை ஆறிலிருந்து ஆறே முக்கால்வரை செக்கடித் தெருப் பெண்கள் கிடைக்கமாட்டார்கள் என்று பால்காரன் ஐந்தரைக்கே வந்து போனான், டவுன் பஸ் டிரைவர் தெருமுனையில் ஏழு மணிக்கு வருகிற வண்டியைப் பத்து நிமிஷம் நிறுத்தி வைத்தார், பள்ளிக்கூடத்தில் இந்தத் தெருப் பிள்ளைகள் தலைபின்னாமல் வந்தால் டீச்சர் ஒன்றும் கேட்பதில்லை. மருந்துக்கடைக்காரர் சுண்ணாம்புச்சத்து மாத்திரையை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். சாமியாடியிடம் குறி கேட்டார்கள். இது சாமி குத்தம் இல்லை, சாமியாக இருந்தால் இந்நேரம் ஒரு சேவலாவது கேட்டிருக்கும், இது வெறும் குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலை போடப் போய்விட்டார். ஆண்கள் டீ டம்ளரோடு பால்வண்ணன் வீட்டு வாசலில் கூடினார்கள். மேடையில் கம்பத்துக்குக் கிடைக்கிற மரியாதைகூடக் கிடைக்காத மனுஷருக்கு இங்கே நாற்காலி போட்டார்கள். யாராவது ஏதாவது முணுமுணுத்தால், "நான் யாரையும் ஒண்ணும் சொல்லலையே, நாயத்தானே சொன்னேன்" என்பார்.

பெண்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள்தான் எல்லாரையும்விட வேகமாகப் பழகிக்கொண்டார்கள். ஐந்தே முக்காலுக்கு அடுப்பை அணைத்துவிட்டு, கைக்கெட்டும் இடத்தில் ஒரு டம்ளர் காப்பியும் இடுப்புக்கு ஒரு சாக்குமாகத் தயாராக நின்று, 'சிட்' எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். மூக்கம்மா ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் வாக்கப்பட்டு முப்பது வருசம் ஆச்சு மதினி. விடிஞ்சதும் ஒரு பத்து நிமிசம் நான் சும்மா உக்காந்தது இந்த நாய் வந்த பொறவுதான். எந்திரின்னு ஒருத்தனும் சொல்ல முடியாதுல்லா. அண்ணாச்சிகிட்டச் சொல்லி இன்னும் ரெண்டு சிட் சேத்துப் போடச் சொல்லு." ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும்கூட அந்தப் பத்து நிமிஷத்தில் முழங்கால் வலி குறைந்துதான் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

சித்திரை மாதம் பூரணிக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும் என்றிருந்தது. பால்வண்ணன் கடிதத்தை இரண்டு முறை படித்தார், மடித்தார், "சந்தோசம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் பூரணி பெட்டியோடு கேட்டைத் திறந்தபோது, மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த நாயைப் பார்த்து அவர் மெதுவாக, "ஆபீசர், ஸ்டே" என்றார். அதுவரை எந்தச் சொல்லும் பூரணி மேல் விழுந்ததில்லை. அன்றைக்கு, அவளை மனசில் வைத்துச் சொன்னதால், அவள் மேல் மட்டும் விழுந்தது. கேட்டில் ஒரு கையும் பெட்டியில் ஒரு கையுமாக அந்தப் பிள்ளை வெயிலில் நின்றது, கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை வரவில்லை. பஸ் போன சத்தம் கேட்டது. அடுத்த பஸ் போன சத்தமும் கேட்டது. ஆவுடை முந்தானையை அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, "ஓகே சொல்லுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினாள். கோயம்புத்தூருக்குக் கடைசி பஸ்ஸும் போன பிறகு, பொழுது சாயும்போதுதான் சொன்னார். "நாய்தான தூங்குது, அதுக்குச் சொன்னேன்" என்றார். அந்த வேலை வேறு ஒருத்திக்குப் போயிற்று.

அதோடுகூட ஆவுடை விட்டிருப்பாள், இன்னொரு கடிதம் வராமலா போகும், அன்றைக்கு அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து அனுப்பிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஆனால் வைகாசியில் செண்பகம் திரும்பி வந்தாள். தெற்குக் கடைசி வீட்டு மாடக்கண்ணுவின் பெண்டாட்டி செண்பகம். அவன் அடிக்கிற அடி தாங்காமல் சுரண்டையில் அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. மாடக்கண்ணு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, நம்ம ஆபீசருக்கு ஒரு கம் போடுங்களேன்" என்றான். பால்வண்ணன் பிஸ்கட்டில் ஒன்றைக் கடித்துக்கொண்டு, செண்பகத்தை நினைத்து ஒரு 'கம்' போட்டார். நாய் வரவில்லை. உச்சிவெயிலுக்குச் செண்பகம் வந்தாள், பாதி குளித்த ஈரத்தலையோடு, செருப்பில்லாமல், பதினோரு மைல் தார்ரோட்டில் நடந்து, இரண்டு உள்ளங்காலும் கொப்புளித்து, யாரையும் பார்க்காமல் தெருவைக் கடந்து புருஷன் வீட்டுக்குள் போனாள். டீக்கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆவுடை தட்டியில் சாய்ந்து நின்று பார்த்தாள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கூப்பிட்டால் வந்தாக வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. பூரணி கோயம்புத்தூர் போனாலும் டெல்லி போனாலும் ஒன்றுதான்.

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கிடந்தபோதுதான் யோசனை வந்தது. சொல்லை நாய் எடுத்துக்கொண்டால் மனுஷர் மேல் ஏன் விழப்போகிறது?

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் ஆவுடை பாடத்தைத் தொடங்கினாள். ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாட்டை வறுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளுக்கு நாய் வளர்த்த பழக்கம் கிடையாது, ஆனால் பிள்ளை வளர்த்த பழக்கம் உண்டு. செருப்பைப் பார்த்து எந்தக் குட்டியும் எதையும் கற்றுக்கொள்ளாது என்பது தெரியும். கருவாட்டை ஆபீசரின் மூக்குக்கு மேலே பிடித்து மெல்லப் பின்னால் கொண்டுபோனாள். மூக்கு மேலே போகப் பின்பக்கம் தானாகக் கீழே வந்து குட்டி உட்கார்ந்தது. உட்கார்ந்த அந்த நொடியில் 'சிட்' என்று சொல்லி வாயில் போட்டாள். ஐந்து நிமிஷம், அவ்வளவுதான், பிறகு விளையாட விட்டுவிடுவாள், அரிசியைப் புடைத்து முடித்துவிட்டு மறுபடி ஐந்து நிமிஷம். ஸ்டே சொல்லி ஓர் எட்டுப் பின்வைத்தாள், அது எழும்புவதற்குள் திரும்பி வந்து கருவாடு கொடுத்தாள். மறுநாள் இரண்டு எட்டு, அதற்கு மறுநாள் நாலு. ஒரு வாரத்தில் குட்டி அவள் சொன்னால் கிணற்றடிவரை அவள் போய்வரும்வரை அசையாமல் இருந்தது.

ஆனால் அவர் சொன்னால் கேட்கவில்லை. அவள் குரல் வேறு, அவர் குரல் வேறு. பூரணி சொன்னாள், "நீ அப்பா மாதிரி சொல்லும்மா." ஆவுடை கொடியில் கிடந்த அவருடைய வேர்வைச் சட்டையை எடுத்துச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டாள், கண்ணாடியையும் போட்டுக்கொண்டாள், நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைக் கனைத்து, "ஆபீசர்! ஸ்டே!" என்றாள். தாயும் மகளும் சிரித்துச் சிரித்துக் கிணற்றுக்கல்லில் சாய்ந்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு ஆவுடைக்கு ஒன்று தோன்றியது: அப்படிக் கத்தியது நன்றாக இருந்தது. கட்டளை போட்டு ஒன்று அடங்கி நிற்பதைப் பார்ப்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, அந்த ருசியில் அவளுக்கு லேசாகப் பயம்கூட வந்தது. சபலம் யாரை விட்டது, அன்றைக்குச் சாயந்திரம் நாற்காலியிலிருந்து பால்வண்ணன் எழும்பப் போனபோது அவள் வாய்க்குள்ளேயே 'சிட்' என்று சொல்லிப் பார்த்தாள். அவர் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பால்வண்ணன் 'சிட்' என்றதும் ஆபீசர் உட்கார்ந்துவிட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று தெருவுக்கே காட்டினார். சந்தோஷம் அரை நாள்கூட நிற்கவில்லை. நாய் உட்கார்ந்திருந்தது, உள்ளே ஆவுடை நின்றுகொண்டிருந்தாள், எதிர்வீட்டுக்காரி கோலப்பொடி டப்பாவோடு அவள் பாட்டுக்கு நடந்தாள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வெறும் நாய் உட்கார்வதை எத்தனை நாள்தான் பார்ப்பது? அன்றைக்குச் சாயந்திரம் அவர் வேறு ஏதாவது கட்டளை உண்டா என்று விசாரிக்கப் புறப்பட்டார், நாய் பழகாத புதுச்சொல் வந்தால் அது மறுபடி பெண்கள் மேல்தான் விழும். அதைவிட மோசம், மூக்கம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நீதான நாய்க்குக் கருவாடு வச்சிப் பழக்குத? எனக்குத் தெரியும். ஊருக்கே கெடச்ச பத்து நிமிசத்தக் கெடுத்துட்டியே மதினி. ஒனக்கு என்ன கேடு?"

ஆவுடை கருவாட்டு முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டாள். காரணத்தைச் சொன்னால் மூக்கம்மா புரிந்துகொள்வாள்தான், ஆனால் தெருவில் ஒரு வாய்க்குத் தெரிந்தால் ஒன்பது வாய்க்குத் தெரியும். பூரணி புறப்படுகிற நாள்வரை நாய் பழகியது வெளியே தெரியக் கூடாதென்று, அன்றிலிருந்து ஐந்தரை மணிக்கே எழுந்து ஆபீசருக்கு ஒரு சட்டி நிறையப் பழைய சோறும் தயிரும் வைத்தாள். வயிறு முட்டின நாய் யார் பேச்சைக் கேட்கும்? ஆறு மணிக்கு அது கண்ணைச் சொருகிக்கொண்டு படுத்துவிட, பால்வண்ணன் கத்த, சொல் மறுபடியும் பழைய இடத்திலேயே விழுந்தது. ஆவுடை உட்கார்ந்தாள், நின்றாள், படுத்தாள். தெருவுக்கு நிம்மதி. மூக்கம்மா சாக்கை உதறிப் போட்டுக்கொண்டாள். காலையில் தான் குப்புறப் படுப்பதும் பத்து மணிக்கு எழுந்து புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு நாய்க்குப் பாடம் சொல்வதுமாக ஆவுடைக்கு ஆனி போயிற்று, ஆடி போயிற்று. கம் என்றால் ஆபீசர் எங்கிருந்தாலும் பறந்து வந்தது. டவுன் என்றால் கோலம் போட்டதுபோலத் தரையோடு தரையாகக் கிடந்தது.

ஆவணி பிறந்து பூரணிக்கு இரண்டாவது கடிதம் வந்தது, அதே கோயம்புத்தூரில் வேறு ஒரு ஆஸ்பத்திரி. பால்வண்ணன் இந்த முறையும் படித்தார், மடித்தார், சந்தோஷம் என்றார்.

புறப்படுகிற அன்று காலையில் ஆவுடை நாய்க்கு ஒரு பருக்கை வைக்கவில்லை. லீவு நாள், பாடம் கிடையாது என்று அவர் காலையில் தூங்கிவிட்டது நல்லதாகப் போயிற்று, பட்டினி நாயின் குட்டு வெளிப்படவில்லை. மூன்று மணிக்கு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. விஷயம் எப்படியோ தெரிந்து ஆண்கள் டீ டம்ளரோடு வந்துவிட்டார்கள், பெண்கள் தட்டிக்குப் பின்னால் நின்றார்கள். பூரணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். பால்வண்ணன் நாற்காலியில் இருந்தபடி, சாவதானமாக, "ஆபீசர்" என்றார். ஆபீசர் மரத்தடியில் எழுந்து நின்று தலையைத் தூக்கிற்று. அவருக்குப் பின்னால், கதவு நிலையில், ஆவுடை கருவாட்டை இறுக்கி மூடிய கையோடு நின்றாள்.

"ஸ்டே."

பூரணியின் கால் ஒரு நொடி தயங்கியது. தயக்கம்தான், அடுத்த எட்டு வந்துவிட்டது, அதற்கடுத்ததும் வந்துவிட்டது. மரத்தடியில் ஆபீசர் செதுக்கி வைத்ததுபோல நின்றுகொண்டிருந்தது.

"ஸ்டே!" என்று பால்வண்ணன் எழுந்துவிட்டார். "சிட்! டவுன்!" நாய் உட்கார்ந்தது, படுத்தது, சொன்னதை ஒன்று விடாமல் செய்தது. கேட் திறந்த சத்தம் கேட்டது. டீக்கடைக்காரன்கூட, "அண்ணாச்சி, நாய் என்னமாக் கேக்குது!" என்று வாயைப் பிளந்தான். அவர் காதில் அது விழவில்லை. பெட்டி ஆட்டோவில் ஏறியது, பூரணி ஏறினாள்.

அப்போது தெற்குக் கடைசியிலிருந்து செண்பகம் வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள், இடுப்பில் ஒரு துணிப்பையும் காலில் செருப்பும் இருந்தது. நாய் அடங்கிக் கிடப்பதை ஒருமுறை பார்த்தாள், ஆட்டோவுக்குள் பூரணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மாடக்கண்ணு, "ஏய் செண்பகம்! அண்ணாச்சி, கம் போடுங்க, சீக்கிரம் ஒரு கம் போடுங்க!" என்று அலறினான். பால்வண்ணன் அடிவயிற்றிலிருந்து, லாரியையே நிறுத்திவிடுகிற குரலில், "கம்!" என்றார். ஆபீசர் துள்ளிப் பாய்ந்து வந்து இரண்டு முன்னங்காலையும் அவர் நெஞ்சில் வைத்து முகத்தை நக்கியது. அவர் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தார். தட்டிக்குப் பின்னால் யாரோ பொம்பிளை சிரித்தாள், மூக்கம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆவுடை கேட்டருகில் போய் நின்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று மாதப் பாடம் பலித்துவிட்டது, பிள்ளை போகிறது, இனிமேல் எந்தச் சத்தமும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. பூரணி ஆட்டோவிலிருந்து கையை நீட்டினாள்.

"நீயும் ஏறும்மா. எடம் இருக்கு."

"எங்கட்டி?"

"எங்கூடத்தான். ரூமு எடுத்துக்கிடுவோம். இனி யாரு சொன்னாலும் ஒனக்கு விழாது. நாய்தான எல்லாத்தையும் கேக்குது. ஏறு."

செண்பகம் நகர்ந்து இடம் விட்டாள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. பால்வண்ணன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார், மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தாளில் இருந்த நாலு கட்டளையும் தீர்ந்துபோயிருந்தது. ஆவுடை தன் காலைப் பார்த்தாள். வலதுகாலை எடுத்து முன்னால் வைத்தாள், வந்தது. பின்னால் வைத்தாள், வந்தது. எந்தப் பிடியும் இல்லை. ஆட்டோவுக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு எட்டுத்தான் இருந்தது.

"உளுந்து ஊறப் போட்டிருக்கேன்" என்றாள்.

"அம்மா!"

"ஆட்டணும்லா, ஏட்டி. ரொம்ப ஊறுனா மாவு நல்லா இருக்காது. நீ போயிட்டு வா. போயிச் சேந்ததும் போன் பண்ணு."

பூரணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு டிரைவரின் தோளைத் தட்டினாள். வண்டி தெருமுனையில் திரும்புகிறவரை ஆவுடை கையை ஆட்டிக்கொண்டு நின்றாள், திரும்பிய பிறகும் கொஞ்சம் நின்றாள், பிறகு உள்ளே போனாள். ஏனத்தின் மூடியைத் திறந்து உளுந்தைக் கிள்ளிப் பார்த்தாள், நன்றாக ஊறியிருந்தது. கிரைண்டரில் அள்ளிப் போட்டுவிட்டு, சுவிட்சில் கையை வைத்தபடி, யாராவது எங்கேயாவது ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். வாசலில் சத்தமே இல்லை. தெருவிலும் இல்லை. இன்னும் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.